இடப்பக்கம் முறுக்கிய கம்பி

என் கேஸை என் கையிலிருந்து பிடுங்கிய அன்று நான் அழவில்லை. அழுதிருந்தால் ஒரு வாரத்தில் ஆறிப்போயிருக்கும். அழாமல் கறுவிக்கொண்டே இருந்தேன்.

நான் பல் டாக்டர். ஐந்து வருடம் சொத்தைப் பல்லை அடைத்தும் பிடுங்கியும் அலுத்துப்போன பிறகு, கோணல் பல்லைக் கம்பி போட்டு நேராக்கும் மேற்படிப்பில் சேர்ந்தேன். மூன்று வருடப் படிப்பு. புத்தகம் பாதி, கைவேலை பாதி. கடைசித் தேர்வில் உட்கார வேண்டுமானால், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நம் கையாலேயே செய்து முடித்த ஐந்து கேஸ்களை மேஜைமேல் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டர் அச்சு, எக்ஸ்ரே, போட்டோ, நோயாளி வந்த ஒவ்வொரு தடவையும் என்ன செய்தோம் என்று எழுதித் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கிய தாள்கள். ஐந்து இருந்தால் உள்ளே. நாலு இருந்தால் வெளியே நின்று ஆறு மாதம் அடுத்த தேர்வுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

என்னிடம் சரியாக ஐந்து இருந்தது. ஐந்தாவது, கண்டக்டர் அக்கா.

பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவர். முப்பத்தொரு வயது. மேல்வரிசையில் இடப்பக்கத்துக் கோரைப்பல் அவருக்கு முளைக்கவே இல்லை. அண்ணத்துக்குள் குறுக்கே படுத்துக் கிடந்தது. போதாக்குறைக்கு வலப்பக்க முன்பல்லின் முனை உடைந்திருந்தது. டிரைவர் திடீரென்று பிரேக் போட்டதில் டிக்கெட் மெஷின் வாயில் இடித்ததாம். "பிரேக் போட்டவர் ரிட்டயர் ஆகி வீட்ல உக்காந்திருக்கார். பல்லு மட்டும் இன்னும் டியூட்டி பாக்குது" என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

அந்தப் பல்லைத் தலைவர் எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு, "வராது. பிடுங்கிப் போட்டுடு" என்றார். நான் பிடுங்கவில்லை. அண்ணத்தைத் திறந்து, பல்லின் முதுகில் ஒரு சிறு பொத்தானை ஒட்டி, அதில் சங்கிலி மாட்டி, மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று இழுத்தேன். இருபத்தெட்டு மாதம். வேலை முடிந்து யூனிஃபார்மோடு ஓடி வருவார். நாற்காலியில் சாய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "தாயி, மெதுவா" என்பார். பதினொன்றாவது மாதம் அண்ணத்தில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன். அரிசி மாதிரி இருந்த அந்த முனையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அடுத்த நோயாளி வெளியே இருந்து எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து அலுத்துப்போனார்.

அவர் பிடித்தது என் இடது கையை. நான் இடது கைக்காரி. துறையில் எனக்குப் பெயரே பீச்சாங்கைதான். வைத்தது தலைவர். முதல் வருடத்தில் மெழுகில் நட்ட இரும்புப் பற்களை வைத்துத்தான் பழக்குவார்கள். கம்பியை வளைத்து மாட்டி வெந்நீரில் முக்கினால் மெழுகு இளகிப் பற்கள் நகரும். என் வளைவுகளை எல்லோருக்கும் முன்னால் தூக்கிக் காட்டி, "பீச்சாங்கையால வளைச்சா இப்படித்தான் பேஷன்ட் வாயும் போகும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கும்போது தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சுவர் அலமாரி முழுக்க பிளாஸ்டர் வாய்கள். மேஜைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான். என்னோடு சேர்ந்து படிக்கிறவன், என்னைவிட நாலு வயது சின்னவன். தலைவர் மகளுக்கு நிச்சயமானவன் என்பதால் துறை முழுக்க அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிடும். வாட்ச்மேன்கூட.

"உன் கண்டக்டர் கேஸை இவனுக்குக் குடுத்துடு. இவனுக்கு ஒண்ணு குறையுது" என்றார் தலைவர், ஏதோ பேனா கேட்பது போல.

"எனக்கும் அஞ்சுதான் சார் இருக்கு."

"நீ ஆறு மாசம் கழிச்சு எழுதிக்கோ. உனக்கு என்ன அவசரம்? இவனுக்குக் கல்யாணத் தேதி குறிச்சாச்சு. டிகிரி இல்லாம மேடையில உக்கார வைக்க முடியுமா?"

"சார், அந்தக் கேஸ்ல ரெண்டரை வருஷம்..."

"உன் ஆய்வறிக்கை இன்னும் என் மேஜையிலதான் இருக்கு. நான் இன்னும் கையெழுத்துப் போடல. ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. நன்றாகவே இருந்தது. அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்த நோயாளிக்குத் தொடர்ந்து சிகிச்சை அளிக்க இயலவில்லை. எனவே என் சொந்த விருப்பத்தின் பேரில்...' சொந்த விருப்பம் என்ற இடத்தில் என் கை நின்றது. அவர் ஏசி ரிமோட்டை எடுத்துக் குளிரைக் கூட்டினார். எழுதிவிட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றான் மாப்பிள்ளை. உண்மையாகவே சொன்னான். அது இன்னும் எரிந்தது.

அத்தோடு விட்டார்களா? நான் எழுதிய இருபத்தெட்டுத் தாள்களையும் வாங்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஒரு மத்தியானம் முழுக்க லைப்ரரியில் உட்கார்ந்து, முதல் மாதத்திலிருந்து தானே செய்தது மாதிரி அத்தனையும் தன் கையெழுத்தில் பார்த்து எழுதினான். அவன் எழுதி நீட்ட நீட்ட, தலைவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். பழைய தாள்களைத் துண்டு துண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். இதை நான் புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நான் அங்கே இருப்பதைத் தலைவர் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த தாளை வாங்கினார். எனக்குத் தெரிந்தால் என்ன என்பதுதான் அவர் நினைப்பு.

அடுத்த வாரம் கண்டக்டர் அக்காவின் கம்பியைக் கழற்றினார்கள். கம்பி போட்டவர்களுக்குக் கழற்றும் நாள்தான் நாள். ரெண்டரை வருடம் முள்வேலியாக இருந்த வாயில், முதல் தடவையாக நாக்கு வழுவழுவென்று ஓடும்போது ஒவ்வொருவருக்கும் முகம் மாறும். அந்த முகத்துக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறோம். அன்று மாப்பிள்ளை கழற்றினான். நான் பக்கத்து அறையில் பிளாஸ்டர் கலந்துகொண்டிருந்தேன். போகும்போது கண்டக்டர் அக்கா என்னைத் தேடி வந்து, "நீங்க ஏன் தாயி வரல? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்று கேட்டார். இவர்களைச் சும்மா விடக்கூடாது என்று அந்த நிமிடம்தான் முடிவெடுத்தேன்.

முடிவெடுப்பது சுலபம். எப்படி என்பதுதான் தெரியவில்லை. மேலிடத்தில் புகார் கொடுத்தால் என் கையெழுத்துப் போட்ட கடிதத்தை எடுத்துக் காட்டுவார்கள். நான் அப்போது கூடப்பிறந்த அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. "யாரையாவது அடிக்கணும்னா போய் அடிச்சிட்டு வா. என் வீட்டுத் தட்டைப் போட்டு உடைக்காதே" என்றாள் அக்கா.

வழி காட்டியது அக்கா புருஷன். அத்தான் எலெக்ட்ரீஷியன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் கரண்ட் போய்விட்டது. சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவர், "இந்த வீட்டுக்கு முதல்ல வயரிங் பண்ணவன் உன் ஜாதிடி" என்றார்.

"என்ன அத்தான்?"

"இடது கைக்காரன். பாரு, வயர் முறுக்கெல்லாம் எதிர்ப்பக்கமா ஓடுது. நாங்க முறுக்கினா கடிகார முள்ளு போற பக்கம் போகும்."

அத்தான் அப்புறம் எதையோ பிரித்தார், எதையோ மாட்டினார், மிக்ஸி ஓடியது. நான் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பிவிட்டேன்.

பல்லில் ஒட்டிய ஒவ்வொரு சிறு உலோகப் பிராக்கெட்டையும் நீளக் கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இப்போதெல்லாம் கலர் கலராக ரப்பர் வளையம் மாட்டிவிடுகிறார்கள். கண்டக்டர் அக்காவுக்குக் கலர் வேண்டாம். பயணிகள் கிண்டல் பண்ணுவார்கள் என்றார். எனக்கும் இறுக்கமான பிடி வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வொரு மாதமும் முடி மாதிரி மெல்லிய எஃகுக் கம்பியால்தான் கட்டினேன். இடுக்கியால் முறுக்கி, வாலை வெட்டி, உதட்டில் குத்தாமல் உள்ளே மடக்கிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத கம்ப்யூட்டர் அறையில் அந்தப் போட்டோக்களைத் திறந்து பெரிதாக்கினேன். ஆறாவது மாதம். பன்னிரண்டாவது மாதம். பதினெட்டு. இருபத்துநாலு. மடக்கிய வாலிலும் முறுக்கு தெரிந்தது. ஒவ்வொன்றும் இடப்பக்கம். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

மாப்பிள்ளை வலது கைக்காரன். தலைவரும்தான். துறையில் இடது கை நான் ஒருத்திதான். அதற்குத்தானே பெயரே வைத்தார்கள்.

மிச்ச வேலையைத் தலைவரே சுலபமாக்கிக் கொடுத்தார். "நீ பரீட்சை எழுதலைல்ல? ஹால் ஏற்பாடெல்லாம் நீ பாத்துக்கோ" என்றார். தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வரும் அம்மாள் பொல்லாதவர், புத்தகத்திலிருந்து ஒரு கேள்வியும் கேட்கமாட்டார், கையில் கம்பியைக் கொடுத்துச் செய்துகாட்டு என்பார் என்று அவரே வாரம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் புலம்பல் தேனாக இருந்தது.

மாப்பிள்ளையின் மேஜையை நான் அலங்கரித்த மாதிரி அவன் கல்யாண மேடையைக்கூட யாரும் அலங்கரித்திருக்க மாட்டார்கள். வெள்ளைத் துணி விரித்து, பிளாஸ்டர் அச்சுகளைச் சோப்பு நீரில் ஊறவைத்துத் துடைத்துப் பளபளவென்று வரிசையில் வைத்தேன். கண்டக்டர் அக்காவின் போட்டோக்களில் முன்பக்கம் நேராக எடுத்தவற்றை மட்டும் பொறுக்கி, ஒவ்வொரு பல்லும் கட்டைவிரல் அளவு தெரிகிற மாதிரி பிரிண்ட் போட்டுச் சுவரில் கண்ணுக்கு நேரே ஒட்டினேன். நான் எதையும் மாற்றவில்லை, எதையும் ஒளிக்கவில்லை. உள்ளதைப் பெரிதாக்கினேன், அவ்வளவுதான்.

"செமையா இருக்குக்கா! நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்?" என்றான் மாப்பிள்ளை.

"நல்லாப் பண்ணு" என்றேன்.

தேர்வு நாள். தேர்வு நடத்த வந்த அம்மாள் குட்டையாக, தோளில் ஒரு துணிப்பையோடு வந்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். நான் கருவித் தட்டோடு சுவரோரம் நின்றேன். முதல் நாலு கேஸ்களையும் இரண்டிரண்டு நிமிடத்தில் தாண்டினார். ஐந்தாவதற்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் பல்லையா கீழ கொண்டு வந்தீங்க?"

"ஆமா மேடம்."

"யாரும் தொடவே பயப்படுவாங்களே. நல்ல வேலை. ரொம்ப நல்ல வேலை."

என் வேலையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை கேட்க ரெண்டரை வருடம் காத்திருந்தேன். அது என் கண் முன்னாலேயே இன்னொருத்தன் மடியில் போய் விழுந்தது. தட்டில் இருந்த இடுக்கிகளை வரிசையாக அடுக்கினேன்.

அம்மாள் பூதக்கண்ணாடியோடு சுவர்ப் போட்டோக்களை நெருங்கினார். ஒன்று பார்த்தார். அடுத்தது பார்த்தார். திரும்ப முதலாவதற்கு வந்தார்.

"நீங்க இடது கையா?"

"இல்ல மேடம். வலது" என்றான் மாப்பிள்ளை, ஒன்றும் புரியாமல்.

தலைவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் ரத்தம் வற்றுவதை நான் ஒரு சொட்டு விடாமல் பார்த்தேன். ஆனாலும் மனிதர் லேசுப்பட்டவரா? உடனே ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"போட்டோ திரும்பியிருக்கும் மேடம். கண்ணாடி வெச்சு எடுத்ததைத் திருப்பாம விட்டுட்டாங்க போல. பசங்க அடிக்கடி பண்ற தப்பு."

உண்மைதான், அது எங்களுக்குள் சகஜமான தப்பு. வாய்க்குள் கண்ணாடி வைத்து எடுத்தால் இடம் வலமாக மாறிவிடும். கம்ப்யூட்டரில் திருப்ப மறந்தால் அப்படியே நின்றுவிடும். அம்மாள் பிளாஸ்டர் அச்சைக் கையில் எடுத்தார்.

"அச்சுல உடைஞ்ச பல்லு வலப்பக்கம். போட்டோலயும் வலப்பக்கம்தான். படம் திரும்பல, டாக்டர்."

மெழுகில் பற்கள் நட்ட மாடலை மாப்பிள்ளை முன்னால் நகர்த்தினார். "ஒரு பல்லைக் கட்டுங்க பாக்கலாம்."

அவன் கட்டினான். மோசமாகக் கட்டவில்லை. முறுக்கி, வெட்டி, வாலை மடக்கினான். அம்மாள் மாடலைத் தூக்கிப் போட்டோவுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒன்று வலம், ஒன்று இடம். குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"இருபத்தெட்டு மாசமும் நீங்கதான் கட்டினதா உங்க கையெழுத்துல எழுதியிருக்கீங்க. தலைவர் சைன் பண்ணியிருக்கார். இது யாரு கட்டினது?"

மாப்பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. இதற்காகத்தான் ஏழு வாரம் காத்திருந்தேன். நெஞ்சு குளிர்ந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். அப்படியே அது முடிந்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை நிமிர்ந்து தலைவரைப் பார்த்தான். தலைவர் அவனைப் பார்க்கவில்லை.

"மேடம், எனக்கும் இப்பதான் விஷயம் புரியுது" என்றார் தலைவர். குரலில் அப்படி ஒரு வருத்தம். "கேஸ் இவங்களோடது." என்னைக் காட்டினார். "குடும்பத்துல ஏதோ கஷ்டம்னு கடைசி மாசம் மட்டும் இவனுக்கு மாத்திக் குடுத்தாங்க. அவங்க கைப்பட எழுதின லெட்டர் என்கிட்ட இருக்கு. இவன் என்னடான்னா மொத்தத்தையும் தானே பண்ண மாதிரி எழுதிட்டு வந்திருக்கான். தினம் நூறு தாள்ல சைன் போடுறேன், எதுல எதை வெச்சு வாங்கினானோ!"

மாப்பிள்ளை கல்யாணத் தேதி குறித்தவரைப் பார்த்தபடியே நின்றான். தலைவர் அவனைத் தலைமுழுகிவிட்டார். என் பக்கம் வந்து தோளில் கை வைத்தார்.

"மேடம், நான் பெருமையாச் சொல்றேன். இத்தனை வருஷத்துல என்கிட்ட வந்த பெஸ்ட் ஸ்டூடண்ட் இவங்கதான். கம்பி வேலையில இவங்க கைக்கு நிகரே கிடையாது. முதல் வருஷத்துலயே எனக்குத் தெரியும். கேஸ் இவங்களோடதுதான்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா, இவங்களுக்கு அஞ்சு கேஸ் ஆயிடும். நாளன்னைக்கு இவங்களையும் உக்கார வெச்சிடலாம். ஆய்வறிக்கையில இன்னைக்கே சைன் போடுறேன்."

அம்மாள் கடிதத்தைக் கேட்டார். தலைவர் தன் அறை அலமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார், இதற்கென்றே பத்திரமாக வைத்திருந்தது போல.

"இது உங்க எழுத்தா?"

"ஆமா மேடம்."

"குடும்பச் சூழ்நிலைன்னு எழுதினது நிஜமா? இவர் இந்தத் தாள்களை எழுதினது தலைவருக்குத் தெரியாதா? யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க பொய்யா எழுதிக் குடுத்திருந்தா அதுவும் தப்புதான். உங்களையும் நான் விட முடியாது."

யோசிக்கச் சொன்னார். யோசிக்க என்ன இருக்கிறது? 'நிஜம்தான், சாருக்குத் தெரியாது' என்று சொன்னால் கேஸ் திரும்ப வரும். நாளை மறுநாள் தேர்வு. கண்டக்டர் அக்காவின் பல் என் பல்லாகிவிடும். மாப்பிள்ளைக்கு ஏற்கனவே ஆப்பு வைத்தாயிற்று. வீட்டுக்குப் போய் அக்காவிடம் சோறு கேட்டுச் சாப்பிடலாம். இதைவிட நான் என்ன கேட்டேன்? தலைவரின் கை திரும்பவும் என் தோளுக்கு வந்திருந்தது. மெல்லத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"பொய் மேடம்" என்றேன். "என் குடும்பத்துல யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்ல. சார் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதலன்னா ஆய்வறிக்கையில கையெழுத்துப் போட மாட்டேன்னார். பயந்துட்டேன், எழுதிட்டேன். அந்த இருபத்தெட்டுத் தாளையும் இவன் லைப்ரரியில உக்காந்து எழுதினான். சார் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா சைன் போட்டார். என்னோடதைக் கிழிச்சுப் போட்டார். நான் நின்னு பாத்தேன்."

தோளிலிருந்து கை எடுபட்டது.

"பழி வாங்குது மேடம்! கேஸ் போச்சுன்னு என்மேல..."

"கேஸைத்தான் நீங்க இப்ப திருப்பிக் குடுத்தீங்களே டாக்டர்" என்றார் அம்மாள். "வேண்டாம்னு சொல்லிட்டு உங்களைக் காட்டிக் குடுக்கிறாங்க. தனக்கே நஷ்டம் வர்ற மாதிரி யாரு பொய் சொல்லுவாங்க?"

அப்போது மாப்பிள்ளை வாயைத் திறந்தான். "அவங்க சொல்றது நிஜம் மேடம். எல்லாம் மாமாதான் பண்ணச் சொன்னார்." துறையில் அதுவரை 'சார், சார்' என்று கும்பிட்டவன், அந்த ஹாலில், அத்தனை பேர் முன்னால் 'மாமா' என்றான். தலைவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அவன் எனக்குச் சாட்சி சொன்னதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நான் தனியாகக் கடித்துத் துப்ப நினைத்ததில் அவனும் வந்து ஒரு கடி கடித்துவிட்டான்.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. மாப்பிள்ளைக்கு இரண்டு வருடத் தடை. கல்யாணம் நின்றுபோனது. நின்றதில் பெண்ணுக்குத்தான் சந்தோஷம் என்று கேள்விப்பட்டேன். தலைவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். பொய்க் கடிதம் எழுதியதற்காக எனக்கு ஒரு வருடத் தடை. கண்டக்டர் அக்காவின் கேஸ் யார் கணக்கிலும் சேராது என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த வரியை மட்டும் என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை. ரெண்டரை வருடம் ஒரு பல்லை இழுத்தேன். அது இப்போது யாருமே செய்யாத வேலை. கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, ஏழு வாரத்துக்கும் சேர்த்து அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது தலைவர் தன் அறையைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார். உதவிக்கு யாரும் இல்லை. பிளாஸ்டர் அச்சுகளைப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கவா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "கேஸை உன் கையில திருப்பிக் குடுத்துட்டேன். அவனைக் கழட்டி விட்டுட்டேன். உனக்கு வேண்டியது எல்லாம் கிடைச்சுது. சாருக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா இன்னைக்கு உன் பேருக்குப் பின்னால டிகிரி இருந்திருக்கும். எதுக்கும்மா உன் தலையிலயே மண்ணைப் போட்டுக்கிட்டே?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஹாலில் இருந்தபோது இல்லை, அப்புறம்தான் தெரிந்தது.

"தெரியாதுன்னு சொல்லத்தான் சார் வாயைத் திறந்தேன்" என்றேன். "முதல் வருஷத்துலயே உங்களுக்குத் தெரியும்னு சொன்னீங்க பாருங்க. என் கை நல்ல கைன்னு. நான் இந்த மூணு வருஷமா, உங்களுக்கு நிஜமாவே அது தெரியலன்னு நினைச்சிட்டு இருந்தேன். தெரிஞ்சுக்கிட்டேதான் பீச்சாங்கைன்னு எல்லாரையும் சிரிக்க வெச்சிருக்கீங்க."

அவர் கையிலிருந்த அச்சைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தார். புதிதாக ஒரு நோயாளி வந்திருப்பதாக நர்ஸ் கூப்பிட்டார். நான் போனேன்.